பதின்வயசுப் பிள்ளைக்கு மென்டர் வெச்சு நடத்துற கிளாசிக்கல் கோர்ஸ்: எத பாத்து சேர்க்கணும்?

தென்றல்_வீடு:

எல்லாருக்கும் வணக்கம். பொண்ணுக்கு 14 முடிஞ்சிருச்சு, சின்ன வயசுல இருந்தே ஹோம்ஸ்கூல்தான். இதுவரைக்கும் நானும் அவங்க அப்பாவும் மாத்தி மாத்தி சொல்லிக்கொடுத்தோம், நல்லாவே போச்சு. ஆனா இப்ப கொஞ்ச நாளா அவ கேக்குற கேள்வியெல்லாம் வேற ரகம். சட்டமே தப்பா இருந்தா மீறலாமா, தப்புன்னு யாரு முடிவு பண்றது, ஜெயிச்சவங்க எழுதி வெச்ச வரலாற எப்படி நம்புறதுன்னு ஆரம்பிச்சா முடிவே இல்லாம போகுது. பேசுறதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, ஆனா அவ எழுதுறத பொறுமையா படிச்சு "இந்த இடத்துல உன் வாதம் நிக்கல, ஏன்னு பாரு"ன்னு சொல்ல அம்மாவா இல்லாத ஒரு ஆள் வேணும்னு தோணுது. நான் சொன்னா முகம் வாடிப் போயிடுது.

அதனால மென்டர் வெச்சு ஆன்லைன்ல நடத்துற கிளாசிக்கல் கோர்ஸ்களா தேடிப் பாத்துட்டு இருக்கேன். வாரம் ஒருக்கா லைவ் டிஸ்கஷன், பழைய பெரிய நூல்கள், லாஜிக், ரெட்டரிக் (நம்பவைக்கிற மாதிரி பேசுற, எழுதுற கலை), லத்தீன்னு போட்டிருக்காங்க. எல்லாரோட புக் லிஸ்ட்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கு, அப்ப எத வெச்சு ஒண்ணுல இருந்து இன்னொண்ண பிரிச்சுப் பாக்குறதுன்னே புரியல.

இன்னொரு கவலை. சின்ன வயசுல கிராமர் ஸ்டேஜ், அப்புறம் லாஜிக் ஸ்டேஜ், அதுக்கப்புறம் ரெட்டரிக் ஸ்டேஜ்னு படிப்படியா வரணும்னு எல்லா இடத்துலயும் எழுதியிருக்காங்க. நாங்க அந்த முறையில போகவே இல்ல, கதையும் தோட்டமும் கணக்கும்னு எங்க போக்குல போனோம். இப்ப நடுவுல கொண்டுபோய் சேர்த்தா அவளால ஒட்ட முடியுமா? மென்டர்ங்கிறவர் டீச்சர்கிட்ட இருந்து எதுல வித்தியாசப்படுறார்? அனுபவம் இருக்கிறவங்க கொஞ்சம் விரிவா சொன்னீங்கன்னா பெரிய உதவியா இருக்கும்.

மாலைவாசிப்பு:

தோழி, எங்க பையன் இந்த மாதிரி ஒரு கோர்ஸ்லதான் படிக்கிறான், அதனால உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன்.

மென்டர் வேற டீச்சர் வேறன்னு புரிஞ்சுக்க எனக்கு ரொம்ப உதவினது அமெரிக்கத் தத்துவவாதி மார்ட்டிமர் ஆட்லர் 1982-ல கொண்டுவந்த பைடெய்யா திட்டம். கத்துக்கொடுக்கிறதுல மூணு விதம் இருக்குன்னு அதுல பிரிச்சு வெச்சிருப்பார். தகவல எடுத்துச் சொல்லிக்கொடுக்கிறது ஒண்ணு, பக்கத்துல இருந்து திருத்தித் திருத்தி ஒரு திறமைய பழக்குறது இன்னொண்ணு, கேள்வி கேட்டுப் பேசவெச்சு ஒரு நூலோட கருத்த ஆழமா புரியவைக்கிறது மூணாவது. முதல் விதத்துக்கு ஒரு நல்ல புத்தகமோ வீடியோவோ போதும், அதுக்காக யாரையும் தேடிப் போக வேண்டியதில்ல. பின்னாடி சொன்ன ரெண்டுக்கும் ஆள் வேணும், உங்க பொண்ணோட பேரு தெரிஞ்ச, அவ போன மாசம் என்ன எழுதினான்னு ஞாபகம் வெச்சிருக்கிற ஆள் வேணும். மென்டர்னு பேரு போட்டுட்டு ஸ்லைடு வெச்சு ஒரு மணி நேரம் கிரேக்கக் கவிஞர் ஹோமர பத்தி அவரே பேசிட்டுப் போனா அது லெக்சர்தாங்க. நல்ல லெக்சராவே இருக்கலாம், ஆனா நீங்க தேடுறது அது இல்ல.

எங்க வீட்டுல ஒரு வாரம் எப்படிப் போகும்னா, ஹோமரோட ஒடிஸி காவியத்த எடுத்துக்கோங்க, மொத்தம் 24 காண்டம், வாரத்துக்கு ரெண்டு காண்டம்னு போவாங்க. படிக்கும்போதே பென்சில்ல ஓரத்துல குறிப்பு எழுதணும், கேள்வி ஒண்ணாவது கொண்டு வரணும். வகுப்புல மென்டர் ஒரே ஒரு கேள்விய போட்டு ஆரம்பிப்பார். 9-ம் காண்டத்துல ஒடிசியஸ் ஒத்தக்கண் அரக்கன் கிட்ட இருந்து தப்பிச்சு கப்பல்ல போயிட்டு இருக்கும்போது, கூட இருக்கிறவங்க வேண்டாம் வேண்டாம்னு கெஞ்சக் கெஞ்ச, திரும்பி தன்னோட பேர கத்திச் சொல்லுவான் இல்லையா, அந்த பேர வெச்சுதான் அரக்கன் கடல் தெய்வம் பொசைடன் கிட்ட சாபம் கேப்பான். அவன் ஏன் பேர சொன்னான்? இதுதான் கேள்வி. எங்க பையன் உடனே "திமிரு"ன்னுட்டான். மென்டர் சரின்னும் சொல்லல தப்புன்னும் சொல்லல, எந்த வரிய வெச்சு சொல்றன்னு மட்டும் கேட்டார். இன்னொரு பொண்ணு, குகைக்குள்ள "என் பேரு யாருமில்ல"ன்னு சொல்லி ஒளிஞ்சிருந்தவன் எப்பவும் யாருமில்லாதவனாவே இருக்க முடியுமா, பேரு தெரியலன்னா அவன் செஞ்சதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டா. அதுக்கப்புறம் எங்க பையன் சாப்பிடும்போதுகூட அதையே பேசிட்டு இருந்தான். அந்த பொண்ணோட கேள்வி எனக்கும் தோணல, எந்த வழிகாட்டிப் புத்தகத்துலயும் நான் பாக்கல.

எல்லா கோர்ஸோட லிஸ்ட்டும் ஒரே மாதிரி இருக்குன்னு சொன்னீங்க, ஆமா இருக்கும், ஹோமரும் பிளேட்டோவும் எல்லார்கிட்டயும் இருப்பாங்க. அதனால லிஸ்ட்ட விட்டுட்டு ஒரு வகுப்புல எத்தன பேரு, ஒரு எஸ்ஸே திருத்தி வர எத்தன நாளாகும், திருத்தின எஸ்ஸே ஒண்ணோட மாதிரிய பேர மறைச்சுக் காட்ட முடியுமான்னு கேளுங்க. ஓரத்துல "நன்று"ன்னு மட்டும் இருந்தா விட்டுருங்க. "2-வது பத்தியில ஒண்ணு சொல்ற, 5-வது பத்தியில அதுக்கு எதிரா சொல்ற, இதுல எது உன் கருத்து"ங்கிற மாதிரி எழுதியிருந்தா தயங்காம சேருங்க.

தர்க்கப்பிரியன்:

நான் இந்த வயசுப் பசங்களுக்கு லாஜிக்கும் ரெட்டரிக்கும் எடுக்கிறேன், அந்தப் பக்கத்துல இருந்து கொஞ்சம் சொல்றேன்.

முதல்ல அந்த ஸ்டேஜ் பயத்த விட்டுருங்கம்மா. கிராமர், லாஜிக், ரெட்டரிக் மூணும் சேந்தது டிரிவியம், கணிதம், வடிவியல், இசை, வானியல் நாலும் சேந்தது குவாட்ரிவியம், இது இடைக்கால ஐரோப்பாவுல இருந்த ஏழு கலைகள். அதுல கிராமர்ங்கிறது ஒரு கலை, ஒரு வயசோட பேரு இல்ல. இந்த மூணையும் குழந்தையோட வளர்ச்சிப் பருவத்தோட முடிச்சுப் போட்டவங்க ஆங்கில எழுத்தாளர் டோரத்தி சேயர்ஸ், 1947-ல ஆக்ஸ்ஃபோர்ட்ல பேசின ஒரு உரையில. கிளி மாதிரி ஒப்பிக்கிற வயசு, எதிர்த்துப் பேசுற வயசு, கவிதை பிறக்குற வயசுன்னு அவங்க பிரிச்சது அழகா இருக்கு, பின்னாடி வந்த ஹோம்ஸ்கூல் திட்டங்கள் பலது அத அப்படியே அடித்தளமா வெச்சுக்கிட்டாங்க. அந்த வரிசையில வரலன்னா கதவு மூடிடும்னு அதுக்கு அர்த்தமே இல்ல. கதையும் தோட்டமும் கணக்குமா வளந்து, இப்ப சட்டம் தப்பா இருந்தா மீறலாமான்னு கேக்குற பிள்ள வகுப்புக்கு வரணும்னுதான் நாங்க ஆசப்படுவோம்.

கேள்வி கேட்டு நடத்துறதுன்னா என்னன்னு பாக்கணும்னா பிளேட்டோவோட மெனோ உரையாடல்ல ஒரு இடம் இருக்கு. பக்கம் 2 அடி இருக்குற சதுரம், பரப்பு 4. இதுக்கு ரெண்டு மடங்கு பரப்பு உள்ள சதுரம் வேணும், பக்கம் எவ்வளவுன்னு சாக்ரடீஸ் படிப்பே இல்லாத ஒரு அடிமைப் பையன் கிட்ட கேப்பார். பையன் 4 அடின்னு சொல்லுவான், வரைஞ்சு பாத்தா பரப்பு 16 ஆயிடும். சரி 3 அடின்னு சொல்லுவான், அது 9, வேண்டியது 8. அங்க வந்து பையன் சத்தியமா தெரியலன்னு சொல்லுவான். சாக்ரடீஸ் அங்க நிறுத்தி, இப்ப இவன் முன்னாடி இருந்ததவிட நல்ல நிலையில இருக்கான், தெரியாதுங்கிறது தெரிஞ்சுருச்சு, இனிமே தேடுவான்னு கூட இருக்குற மெனோகிட்ட சொல்லுவார். அப்புறம்தான் முதல் சதுரத்தோட மூலைவிட்டத்த பக்கமா வெச்சா விடை கிடைக்கும்ங்கிற இடத்துக்கு வருவாங்க. என் வகுப்புல நான் ரொம்பக் கவனமா பாக்குறது அந்த "தெரியல" வர்ற நிமிஷத்தத்தான். அந்த நேரத்துல மென்டர் அவசரப்பட்டு விடைய சொல்லிட்டா அவ்வளவு நேரம் கேட்ட கேள்வியெல்லாம் வீண். டெமோ வகுப்புல உக்காந்து பாக்கவிட்டாங்கன்னா இத மட்டும் பாருங்க, கேள்வி கேட்டுட்டு எவ்வளவு நேரம் அந்த அமைதிய தாங்குறார்னு.

எழுத்துக்கு, புரோஜிம்நாஸ்மாட்டான்னு பழைய பயிற்சி வரிசை ஒண்ணு இருக்கு, கி.பி. 4-ம் நூற்றாண்டுல அப்தோனியஸ் தொகுத்த 14 பயிற்சி. ஒரு நீதிக்கதைய சுருக்கியும் விரிச்சும் எழுதுறதுல ஆரம்பிச்சு, ஒரு கதைய நம்ப முடியாதுன்னு மறுத்து எழுதி, அதே கதைய நம்பலாம்னு நிறுவி எழுதி, கடைசியில ஒரு சட்டத்த ஆதரிச்சோ எதிர்த்தோ வாதாடுறது வரைக்கும் போகும். மறுத்த கையோட நிறுவச் சொல்றது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், தன் கட்சிய மட்டுமே பாத்துட்டு இருந்த பிள்ளைக்கு எதிர்க்கட்சியோட பலம் என்னன்னு அங்கதான் முதல்தடவையா தெரியும். உங்க பொண்ணுக்கு அந்த சட்டத்துப் பயிற்சி அப்படியே பொருந்தும்.

ஆள் எண்ணிக்கைய பத்தி மேல சொன்னது ரொம்ப சரி. அமெரிக்காவுல எக்ஸிடர்ங்கிற ஸ்கூல்ல 1930-ல இருந்து ஒரு நீள்வட்ட மேஜைய சுத்தி டஜன் பேரு அளவுல உக்காந்து பேசுற முறை நடக்குது, ஹார்க்னஸ் மேஜைன்னு சொல்லுவாங்க. அதுக்கு மேல போனா ஒளிஞ்சுக்க இடம் கிடைச்சிடும். திரையில அத விடவும் சீக்கிரம் ஒளிஞ்சுக்கலாம், அதனால ஆன்லைன்னா எட்டு பத்து பேருக்கு மேல வேண்டாம்ங்கிறது என் எண்ணம்.

முற்றத்துமரம்:

எல்லாரும் கோர்ஸ்ல சேருங்கன்னே சொல்றீங்க, நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன். மேல சொன்னதுல பெரும்பகுதிக்கு கோர்ஸே வேண்டாம். அதே வயசுல மூணு நாலு பிள்ளைங்க, நிதானமா படிக்கிற பெரியவர் ஒருத்தர், வாரத்துல ஒரு சாயங்காலம் இருந்தா போதும். எங்க குழு அப்படித்தான் நடக்குது, வாரம் ஒரு வீட்டுப் பெற்றோர் கேள்வி கொண்டு வரணும், மத்த பெற்றோர் வாய் திறக்கக் கூடாது. அந்த ரெண்டாவது விதிதான் எல்லாருக்கும் கஷ்டமா இருந்துச்சு.

நன்னூல் பொதுப்பாயிரத்துல பவணந்தி முனிவர் இதுக்கு ஒரு கணக்கே போட்டு வெச்சிருக்கார். ஆசிரியர் சொல்றத எவ்வளவு நல்லா வாங்கிக்கிட்டாலும் கால் பங்குதான் வரும், கூடப் படிக்கிறவங்களோட பழகிப் பேசுறதுல இன்னொரு கால், மீதி அரை பங்கு நாமளே மத்தவங்களுக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வருமாம். இத மனசுல வெச்சுக்கிட்டு எந்தக் கோர்ஸையும் பாருங்க. பிள்ளை யாருக்காவது எடுத்துச் சொல்ற வாய்ப்பு அதுல எங்க இருக்குன்னு கேளுங்க. பல இடத்துல இருக்காது. அப்ப அந்த பாதிய வீட்டுல நீங்கதான் குடுக்கணும், தம்பிக்கோ தங்கச்சிக்கோ, யாரும் இல்லன்னா உங்களுக்கே பாடம் எடுக்கச் சொல்லுங்க.

ஒண்ண மட்டும் ஒத்துக்கிறேன், எழுத்த திருத்துறதுக்கு வெளி ஆள் வேணும்னு நீங்க சொன்னது நியாயம். அதுக்கு மட்டும் தனியா ஒரு மென்டர பிடிக்க முடியும்னா அது முழுக் கோர்ஸவிட நல்லதுன்னு நினைக்கிறேன். லத்தீன் எல்லாம் இந்த வயசுல புதுசா ஆரம்பிக்கணுமான்னு யோசிங்க, அந்த நேரத்துல இன்னும் நாலு நூல் படிக்கலாம்.

நடுப்பக்கம்:

நான் இப்படிப் படிச்சு வளந்தவன், இப்ப காலேஜ்ல இருக்கேன். பிள்ளைங்க பக்கத்துல இருந்தும் ஒருத்தர் சொல்லணும்ல, அதான் எழுதுறேன்.

எனக்கு இன்னைக்கும் கை குடுக்கிறது யூக்ளிட்தாங்க. நாங்க அவரோட வடிவியல் நூலான எலிமென்ட்ஸ்ல முதல் புத்தகத்த முழுசா பண்ணோம், வரையுறதும் தேற்றமுமா 48 கூற்று, யாரு எத நிரூபிக்கப் போறோம்னு வகுப்புக்கு வந்தப்புறம்தான் தெரியும், போர்டுல நின்னு புத்தகம் பாக்காம சொல்லணும். 47-வதுதான் எல்லாருக்கும் தெரிஞ்ச பிதாகரஸ். ஸ்கூல்ல அத ஃபார்முலாவா மனப்பாடம் பண்ணியிருப்பாங்க, நாங்க அதுக்கு முன்னாடி இருந்த 46 படி ஏறி அங்க போய் நின்னோம், நடுவுல எந்தப் படியையும் தாண்ட முடியாது, தாண்டினா "அது எங்க நிரூபிச்ச"ன்னு கூடப் படிக்கிறவங்களே கேட்டுருவாங்க. இப்ப காலேஜ்ல யாராவது ஒரு முடிவ தடாலடியா சொன்னா என் மனசு தானா நடுவுல விட்டுப்போன படிய தேடுது. லாஜிக் வகுப்பு எனக்கு அந்த அளவுக்கு ஒட்டல, சிலாஜிசம், அதாவது ரெண்டு கூற்றுல இருந்து மூணாவதா ஒரு முடிவுக்கு வர்ற வாதம், அதோட வகைகளுக்கு இடைக்காலத்துல வெச்ச பார்பரா, செலாரென்ட்ங்கிற பேரெல்லாம் ஒப்பிச்சது ஞாபகம் இருக்கு, ஆனா நிஜமான பேச்சுல தப்பு வாதத்த பிடிக்கிறது எஸ்ஸேய திருத்தித் திருத்தித்தான் வந்துச்சு.

அக்கா நீங்க முக்கியமா பாக்க வேண்டியது சயின்ஸ். இந்தக் கோர்ஸ்கள்ல ஹார்வி 1628-ல ரத்த ஓட்டத்த பத்தி எழுதினது, கலிலியோ எழுதினதுன்னு மூல நூல படிக்கவைப்பாங்க, அது அற்புதமான அனுபவம், ஒரு மனுஷன் எப்படி சந்தேகப்பட்டு எப்படி அளந்து பாத்தான்னு தெரியும். ஆனா கையால பிப்பெட் பிடிச்சு டைட்ரேஷன் பண்றதுக்கு அது ஈடாகாது, இன்னைக்கு இருக்குற கெமிஸ்ட்ரிக்கும் பயாலஜிக்கும் ஈடாகாது. சயின்ஸ் பக்கம் போக விருப்பம் இருந்தா லேபோட தனியா ஏற்பாடு பண்ணியே ஆகணும். கணக்கும் அப்படித்தான், யூக்ளிட் இருக்குன்னு அல்ஜீப்ராவ விட்டுடாதீங்க.

அப்புறம் படிப்புச் சுமை. எல்லாத்தையும் ஒரே வருஷத்துல சேர்த்தா நூல ரசிக்கிறது போயிடும், பக்கத்த தள்ளுறதுதான் நடக்கும். முதல் வருஷம் நூல் டிஸ்கஷனும் எழுத்தும் மட்டும் எடுக்கட்டும். அவளுக்கு அது பிடிச்சா மத்தத அவளே கேப்பா.

தென்றல்_வீடு:

எவ்வளவு விரிவா எழுதியிருக்கீங்க, எல்லாருக்கும் மனசார நன்றி. நான் புக் லிஸ்ட்ட மட்டுமே வெச்சு ஒப்பிட்டுட்டு இருந்தேன், இப்ப என்ன கேக்கணும்னு தெளிவா இருக்கு. திருத்தின எஸ்ஸே மாதிரி கேட்டு ரெண்டு மூணு இடத்துக்கு எழுதப் போறேன்.

இன்னும் மூணு கேள்வி இருக்கு. அவ வீட்டுல நல்லா பேசுவா, புது ஆள் முன்னாடி வாயே திறக்க மாட்டா, அப்படிப்பட்ட பிள்ள இந்த வகுப்புல என்ன ஆகும்? லத்தீன் வேணுமா வேண்டாமா, இதுல இங்கயே ரெண்டு கருத்து இருக்கு. மூணாவது, எல்லா நூலும் கிரேக்கம் ரோம் ஐரோப்பான்னு இருக்கே, தமிழ்ல இவ்வளவு இருக்கும்போது அவ அத மட்டுமே பெருசுன்னு நினைச்சு வளரக் கூடாதுன்னு ஒரு தவிப்பு.

தர்க்கப்பிரியன்:

பேசாத பிள்ளைக்கு: வகுப்புக்கு முன்னாடியே கேள்விய எழுதி அனுப்பச் சொல்ற மென்டரா பாருங்க. நான் அப்படி வந்த கேள்வியில ஒண்ண எடுத்து அதுலயே வகுப்ப ஆரம்பிப்பேன், எழுதினவங்கள பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்த மாட்டேன். தன் கேள்விக்கு மத்தவங்க அரை மணி நேரம் மல்லுக்கட்டுறத பாத்த பிள்ள, கொஞ்ச வாரத்துல "நான் கேட்டது அது இல்ல"ன்னு சொல்லவாவது மைக்க ஆன் பண்ணிடும். பேசினா மார்க்குன்னு வெச்சிருக்கிற வகுப்பு இந்த மாதிரி பிள்ளைக்கு வேண்டாம், அங்க பேசுறவங்க பேசிட்டே இருப்பாங்க, அமைதியான பிள்ள கணக்குக்கு ஒரு வரி சொல்லிட்டு உள்ள போயிடும்.

மாலைவாசிப்பு:

லத்தீன பத்தி நான் முற்றத்துமரத்தோட ஒத்துப்போகல. தமிழ்ப் பிள்ளைக்கு லத்தீன் நினைக்கிற அளவுக்கு அந்நியம் கிடையாது. ஆங்கிலம் மட்டுமே தெரிஞ்ச பிள்ளைக்கு வேற்றுமை உருபுன்னா என்னன்னு புரியவே மாசக்கணக்கா ஆகும், நம்ம பிள்ளைக்கு ஐ, ஆல், கு எல்லாம் வாயில ஏற்கனவே இருக்கு, தொல்காப்பியத்துலயே விளியோட சேத்து எட்டு வேற்றுமை சொல்லியாச்சு. சொல்ல முன்ன பின்ன மாத்திப் போட்டாலும் உருபு இருக்குறதால அர்த்தம் மாறாது, வினை கடைசியில வர்றது சகஜம், இது ரெண்டும் அங்கயும் உண்டு. கஷ்டம் எங்க வரும்னா பெயர்ச்சொல்ல ஐந்து வகையா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி உருபு வெச்சிருக்காங்க, பொருளுக்குக்கூட ஆண்பால் பெண்பால் இருக்கு, அத உக்காந்து பழகித்தான் ஆகணும். வார்த்தைக்கு வார்த்தை நின்னு யோசிக்கிற பழக்கம் அதுல வருது, அத எங்க பையன் கிட்ட கண்ணால பாக்குறேன். ஆனாலும் அந்தத் தம்பி சொன்ன மாதிரி முதல் வருஷத்துல வேண்டாம், அடுத்த வருஷம் அவளுக்கு ஆசையிருந்தா ஆரம்பிக்கட்டும்.

முற்றத்துமரம்:

தமிழ் நூல் விஷயத்துக்கு நான் வர்றேன், எங்க குழுவுல இதத்தான் ஆசையா பண்றோம். உங்க பொண்ணு கேட்ட அந்த சட்டக் கேள்விக்கே கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளிஸோட ஆன்டிகனியையும் சிலப்பதிகாரத்துல வழக்குரை காதையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிங்க. ரெண்டுலயும் ஒரு பொண்ணு தனியா ராஜா முன்னாடி நிக்கிறா. ஆன்டிகனி, அடக்கம் பண்ணக் கூடாதுன்னு ராஜா ஆணை போட்டும், ஆமா அண்ணன நான்தான் அடக்கம் பண்ணேன்னு ஒத்துக்கிட்டு, உன் ஆணை தெய்வங்களோட எழுதாத சட்டத்துக்கு மேல நிக்காதுன்னு வாதாடுறா. கண்ணகி அந்தப் பாதைக்கே போகல. திருடினவனுக்கு தண்டனைங்கிற சட்டத்த அவ கேள்வி கேக்கல, என் புருஷன் திருடலன்னு நிரூபிக்கிறா. முதல்ல தன் ஊர சொல்லும்போதே புறாவுக்காக உடம்பக் குடுத்த சிபியையும், மகனையே தேர்க்காலுல இட்ட சோழனையும் சொல்லி நீதின்னா என்னன்னு அளவுகோல வெச்சுட்டு, அப்புறம் என் சிலம்புல இருக்கிறது மாணிக்கம்னு சொல்றா, பாண்டியன் எங்களோடதுல முத்துன்னு சொல்றான், உடைச்சுப் பாத்தா மாணிக்கம் தெறிக்குது.

நடந்ததா இல்லையாங்கிற வழக்கு ஒண்ணு, நடந்தது சரியா தப்பாங்கிற வழக்கு இன்னொண்ணு, இப்படி வழக்கு எந்தப் புள்ளியில நிக்குதுன்னு பிரிக்கிறத கிரேக்க ரெட்டரிக்ல ஸ்டாசிஸ்னு தனியாவே படிப்பாங்க. எங்க பிள்ளைங்க இத இந்த ரெண்டு நூல வெச்சே பிடிச்சுக்கிட்டாங்க. லாஜிக்குக்கு மணிமேகலையோட 29-வது காதைய தொட்டுப் பாருங்க, பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (உதாரணம்)னு அனுமானத்த பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் என்னென்ன போலி வரும்னு வரிசையா சொல்லியிருக்கு. கடினமான பகுதி, உரை வெச்சுத்தான் படிக்க முடியும், ஆனா வாதப் பிழைய பத்தி தமிழ்ல இவ்வளவு நுணுக்கமா எழுதியிருக்காங்கன்னு பிள்ளைங்க ஆச்சரியப்பட்டுப் போனாங்க. நீங்க சேர்க்குற கோர்ஸ்ல மென்டர்கிட்ட, ஆன்டிகனி எஸ்ஸேய கண்ணகியோட ஒப்பிட்டு எழுதலாமான்னு கேட்டுப் பாருங்க. நல்ல மென்டரா இருந்தா, அந்தக் காதைய எனக்கும் மொழிபெயர்ப்புல அனுப்புன்னு கேப்பார்.

தென்றல்_வீடு:

இத படிச்சுட்டு அவகிட்ட சொன்னேன், வழக்குரை காதைய இப்பவே எடுத்து வெச்சாச்சு. கடைசியா ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன், பின்னாடி காலேஜுக்குப் போகும்போது இந்தப் படிப்ப எப்படிக் காட்டுறது?

நடுப்பக்கம்:

அக்கா, முதல் நாள்ல இருந்தே ஒரு ஃபைல் போடுங்க. எந்த நூல், எந்த மொழிபெயர்ப்பு, முழுசா படிச்சதா பகுதியா, எந்த மாசம், எவ்வளவு மணி நேரம்னு குறிச்சு வைங்க. எஸ்ஸேயோட முதல் டிராஃப்டையும் மென்டர் திருத்தினதையும் கடைசி டிராஃப்டையும் மூணையும் சேத்து வைங்க, எனக்கு இன்டர்வியூல ரொம்ப நேரம் பேச்சு போனது அந்த மூணு டிராஃப்ட்ட பத்திதான். மென்டர்கிட்ட மார்க்கு மட்டும் வாங்காம வருஷக் கடைசியில அரைப் பக்கம் எழுதி வாங்குங்க. போக நினைக்கிற காலேஜ் அரசு அங்கீகரிச்ச பரீட்சை சான்றிதழ் கேக்குமான்னு இப்பவே அவங்க விதிமுறைய பாத்துருங்க, கேக்கும்னா அந்தப் பரீட்சைக்கு தனியா பதிவு பண்ணி தனியா தயார் பண்ணணும், இந்தக் கோர்ஸ் அதுக்கு பதிலா ஆகாது.

தர்க்கப்பிரியன்:

ஒண்ணு சேத்துக்கிறேன். சேர்றதுக்கு முன்னாடி கோர்ஸ் எந்த நம்பிக்கை அடிப்படையில நடக்குதுன்னும் கேட்டுருங்க. கிளாசிக்கல் ஹோம்ஸ்கூல் திட்டங்கள் நிறைய கிறிஸ்தவப் பின்னணியில வந்தது, சிலது மதச்சார்பு இல்லாம நடக்குது. எதுவா இருந்தாலும் அத முன்கூட்டியே வெளிப்படையா சொல்றவங்களா பாத்துக்கோங்க, ஏன்னா அதப் பொறுத்து நூல் தேர்வும் கேள்வியோட போக்கும் மாறும். அப்புறம் மதிப்பீட்டுக்கு, அமெரிக்காவுல பழைய பெரிய நூல்கள வெச்சே பாடம் நடத்துற செயின்ட் ஜான்ஸ் காலேஜ்ல ஒரு வழக்கம் இருக்கு, ஆசிரியர்கள் எல்லாரும் உக்காந்து மாணவர் முன்னாடியே அவரோட படிப்ப பத்தி தங்களுக்குள்ள பேசிக்குவாங்க, அப்புறம் மாணவர் பதில் சொல்லுவார். நான் பருவத்துக்கு ஒருதடவ பெற்றோர், பிள்ள, நான் மூணு பேரும் சேந்து அந்த மாதிரி உக்காருவேன். அப்படி ஒரு சந்திப்புக்கு மென்டர் ஒத்துக்குவாரான்னு மெயில்லயே கேட்டுருங்க.